தரையில் தவழும் வாயு

மாலையில் பள்ளி விட்டு வீடு திரும்புகிறீர்கள். வீட்டில் யாரும் இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நாற்றம். சமையலறை இருட்டாக இருக்கிறது. உங்கள் கை என்ன செய்யும்? பழக்கத்தால் விளக்கின் சுவிட்சைத் தேடும். அந்தக் கையை அப்படியே நிறுத்துங்கள். ஏன் என்பதை நீங்கள் படிக்கும் இயற்பியலே சொல்லும்.

சமையல் எரிவாயு என்பது பியூட்டேன், புரொப்பேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அதை அழுத்தித் திரவமாக்கி, வீட்டு உருளை ஒன்றில் 14.2 கிலோகிராம் அடைக்கிறார்கள். திரவம் வெளியே வந்து ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 250 மடங்காகும். உருளையை ஏன் எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பது இப்போது விளங்கும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வால்வின் வழியே புறப்பட்டுவிடும்.

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே கசிந்த வாயு புகையைப்போல் மேலே ஏறாது. கொட்டிய தண்ணீரைப்போல் தரையில் பரவி, பள்ளமான மூலைகளில் தேங்கும். (குழாய் வழியே இயற்கை வாயு வரும் வீடுகளில் கதை நேர்மாறு. அது பெரும்பாலும் மீத்தேன். அதன் எடை 16தான். அது கூரையை நோக்கிப் போகும்.)

எவ்வளவு வாயு கசிந்தால் ஆபத்து? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமையலறையின் நீளம் 3 மீட்டர், அகலம் 2.5 மீட்டர். கசிந்த வாயு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் காற்றுடன் கலந்து நிற்பதாகக் கொள்வோம். அந்த அடுக்கின் பருமன் 2250 லிட்டர். காற்றில் 2 சதவீத அளவுக்கு இந்த வாயு கலந்தாலே அது தீப்பற்றும். 2250இல் 2 சதவீதம் 45 லிட்டர். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 25 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே இது 1.8 மோல். கலவையின் சராசரி மூலக்கூறு எடை 52 என்றால் எடை சுமார் 94 கிராம். உருளையில் நூற்றைம்பதில் ஒரு பங்கு! வாயு இப்படி ஒழுங்காக அடுக்குக் கட்டி நிற்காதுதான். ஆனாலும் எவ்வளவு சிறிய கசிவு போதும் என்பது தெரிகிறதல்லவா?

சரி, தீ மூட்டுவது எது? புரொப்பேன் சரியான அளவில் காற்றுடன் கலந்திருக்கும்போது அதைப் பற்றவைக்க 0.25 மில்லிஜூல் ஆற்றலுள்ள மின்பொறி போதும். இது எவ்வளவு என்று அறிய ஓர் அரிசி மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 20 மில்லிகிராம். அதை ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் அது பெறும் ஆற்றல் இவ்வளவுதான். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி நீங்களே சரிபாருங்கள். சுவிட்சுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தோன்றும் பொறியில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கக்கூடும்.

பலர் ஒரு தவறு செய்கிறார்கள். 'போடத்தானே கூடாது, எரிகிற விளக்கை அணைக்கலாமே' என்று நினைக்கிறார்கள். மின்சுற்றை முறிக்கும்போதும் பொறி பறக்கும். மின்விசிறி போன்ற கம்பிச்சுருள் உள்ள கருவிகளில் தன்மின்தூண்டல் காரணமாக அது இன்னும் வலுவாக இருக்கும். வாயுவை வெளியேற்றவென்று புகைபோக்கி விசிறியைப் போடுவது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள்! சுவிட்சை இருக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆகவே, கதவு சன்னல்களை விரியத் திறங்கள். கீழே தேங்கிய வாயுவுக்குச் சன்னலைவிட வாசற்கதவே நல்ல வழி. ரெகுலேட்டர் கைக்கு எட்டினால் மூடுங்கள். வெளியே வாருங்கள், பெரியவர்களை அழையுங்கள். தொலைபேசியை வெளியே வந்த பிறகே எடுத்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். நாற்றம் கடுமையாக இருந்தால் ரெகுலேட்டரைத் தேடி உள்ளே போகவே வேண்டாம்.

அந்த நாற்றம் வாயுவுக்கு இயற்கையாக உள்ளதன்று. எதில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் இயற்கை வாயு கசிந்து, கட்டடத்தின் அடியிலிருந்த மூடிய வெளியில் தேங்கியது. அதற்கு வாசனை கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி தெறித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற மாணவர்கள். அதன் பிறகே வாயுவுக்கு நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது.

அடுப்பைப் பற்றவைக்கும்போது முதலில் தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, பிறகு குமிழைத் திருப்புங்கள். ரப்பர் குழாயின் இணைப்புகளில் ஐயம் இருந்தால் சோப்புநீர் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் குமிழி கிளம்பும். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சோதனையன்று, விபத்து.

சுடர் நீலமாக இருக்கிறதா? ஒரு லிட்டர் பியூட்டேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 31 லிட்டர் காற்று தேவை. பொங்கிய பால் பர்னரின் துளைகளை அடைத்துவிட்டால் வாயுவும் காற்றும் சரியாகக் கலப்பதில்லை. சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். பர்னர் ஆறிய பிறகு கழற்றி, துளைகளைச் சுத்தம் செய்துவிட்டால் போதும்.

அடுத்த உருளை வரும்போது அதன் கழுத்தருகே, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். 'பி-28' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், 2028ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில், அதாவது ஜூன் முடிவதற்குள், அந்த உருளையை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகள், நான்கு காலாண்டுகள். கெடு கடந்திருந்தால் அந்த உருளையை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.