நூறு நாட் கூலியும் இறைவனின் இரக்கமும்

தவக்காலத்தில் உபவாசத்தையும் ஒறுத்தலையும் பற்றி, இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு எவரும் பெரிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. அரைவயிற்றுடன் உறங்குவது எமக்குப் பழகிய ஒன்று. எமக்குக் கடினமானது மன்னிப்பே.

தவக்கால மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலுள்ள உவமை வாசிக்கப்படுகிறது. அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட பணியாளன் காலில் விழுந்து மன்றாடுகிறான். அரசன் மனமிரங்கி முழுக்கடனையும் தள்ளிவிடுகிறான். வெளியே வந்த பணியாளனோ, தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய தோழனின் கழுத்தை நெரித்து, அவனைச் சிறையில் அடைக்கிறான்.

அக்காலத்தில் ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆகவே பணியாளனின் கடன் 6 கோடி நாட் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அதைத் தீர்க்க 2 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். இறைவன் எமக்கு மன்னிப்பது அத்தகைய கடனை.

ஆனால் நூறு நாட் கூலியும் அற்பமானதல்ல. மூன்றரை மாத நெல்லை விதைத்து அறுக்கும் காலத்து உழைப்பு அது. அயலவரிடம் விட்டுவந்த மாடுகள் விற்கப்பட்டிருக்கலாம். கைமாற்றாகக் கொடுத்த விதைநெல் திரும்பாதிருக்கலாம். எமது காணியின் வரம்பு வெட்டப்பட்டிருக்கலாம். இவை உண்மையான இழப்புகள். இயேசு இவற்றைச் சிறியவை என்று சொல்லவில்லை. தோழனின் கழுத்திலிருந்து கையை எடு என்பதே அவர் கேட்பது.

மன்னிப்பது உரிமையைக் கைவிடுவதாகாது. காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருப்போம். வரம்புத் தகராற்றைப் பகையாக வளர்க்காமல், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க முயல்வோம். சக்கேயு மனந்திரும்பியபோது, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததையும் மறவோம்.

உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் காயம் இன்னும் ஆழமானது. அவர்களை மன்னிக்கும்படி எவரும் அவசரப்படுத்தலாகாது. அவர்களோடு இருந்து செபிப்பதே எமது கடமை.

உயிர்ப்பு விழாவுக்கு முன் ஒருவரிடமாவது செல்வோம். கடன் கொடுத்தவராயின், பேச்சை நாமே தொடங்குவோம். கடன்பட்டவராயின், ஒரு புசல் நெல்லையாவது தூக்கிக்கொண்டு போவோம். அந்தப் படலையைத் திறக்கும்போது எமது தவக்காலமும் தொடங்கும்.