படிப்பா, படையா?

400 மாணவர்களுக்குக் கொடுத்த சலுகை ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையாக மாறிய கதை

2025 அக்டோபர் 30 அன்று ஜெருசலேம் நகரின் நுழைவாயில் அடைபட்டுப் போனது. கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக ஆண்கள் சாலையை நிறைத்தார்கள். கூட்டம் இரண்டு லட்சம் இருக்கும் என்று ஊடகங்கள் மதிப்பிட்டன. கட்டாய ராணுவச் சேவைக்கு வராத மதப் பள்ளி மாணவர்களைக் கைது செய்வதைக் கண்டித்துக் கூடிய கூட்டம் அது. "செத்தாலும் படையில் சேரமாட்டோம்" என்பது அவர்களில் ஒரு பிரிவினரின் பழைய முழக்கம்.

போர் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் அல்லர் இவர்கள். காசாவில் போரை நடத்திய அரசில் சில மாதங்களுக்கு முன்புவரை அமைச்சர் பதவி வகித்த கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் இவர்களில் பலர். அவர்களுடைய வாதமே வேறு: "நாங்கள் ஏற்கெனவே காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் ஆயுதம் துப்பாக்கியல்ல, எங்கள் வேதமான தோரா."

பெரும்பாலான இஸ்ரேலிய யூதர்களுக்கு இதைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கிறது. யூதராக இருப்பது என்றால் என்ன, சமூகத்தைக் காக்கும் சுமை யார் தோளில் ஏற வேண்டும் என்ற கேள்வியில் அந்த நாடு இன்று இரண்டுபட்டு நிற்கிறது.

யார் இந்த ஹரேதிகள்?

இஸ்ரேலின் ஏறக்குறைய ஒரு கோடி மக்களில் 13-14 சதவீதம் பேர் ஹரேதி எனப்படும் தீவிர மரபு யூதர்கள். ஜெருசலேமின் மேயா ஷெயாரிம், டெல் அவிவை ஒட்டிய ப்னே பிராக் போன்ற இடங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நிறம். உள்ளே பல பிரிவுகள். கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசிதியக் குழுக்கள் ஒருபுறம்; கல்வியையே தலையாய கடமையாகக் கருதும் 'லிட்வாக்' எனும் லிதுவேனிய மரபினர் இன்னொருபுறம்; மொராக்கோ, ஈராக் போன்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் குரலாக 1984இல் தோன்றிய ஷாஸ் கட்சியினர் மற்றொருபுறம். இஸ்ரேல் என்ற அரசையே ஏற்காத சிறு குழுக்களும் உண்டு.

சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல். இதே வேகத்தில் போனால் 2065 வாக்கில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஹரேதிகளாக இருப்பார்கள் என்பது அரசுப் புள்ளியியல் துறையின் கணிப்பு. சேவை பற்றிய சண்டையை இனியும் தள்ளிப்போட முடியாததற்கு முதல் காரணம் இந்த எண்தான்.

யூத ஆண்களும் பெண்களும் 18 வயதில் படைக்குப் போவது இஸ்ரேலில் சட்டம். ட்ரூஸ் எனும் அரபு மொழிச் சிறுபான்மைச் சமூகத்தின் ஆண்களுக்கும் 1956 முதல் கட்டாயம். அரபுக் குடிமக்களில் பெரும்பாலோரை ராணுவம் அழைப்பதில்லை. ஹரேதி மாணவர்கள் தப்பித்ததற்கு வழி வேறு: 'தோராவே தொழில்' என்று அறிவித்து, யெஷிவா என்ற மதப் பள்ளியில் முழுநேரம் படிப்பதாகப் பதிந்துகொண்டால் சேவை ஒத்திவைக்கப்பட்டு வந்தது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொண்டே வந்து, விலக்கு வயதைத் தாண்டினால் விடுதலை.

சாம்பலிலிருந்து வந்த சலுகை

இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் மதவாதியல்லர். இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென் குரியன் சோஷலிஸ்ட், மதச்சார்பற்றவர். 1948இல் 400 மாணவர்களுக்கு விலக்கு அளிக்க ஒப்புக்கொண்டார். அப்போது காரணம் கண்முன் இருந்தது. நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றதோடு, போலந்திலும் லிதுவேனியாவிலும் பல நூற்றாண்டுகளாகத் தழைத்த கல்வி மரபையும் துடைத்தெறிந்திருந்தார்கள். எஞ்சிய கங்கு அணையாமலிருக்க நானூறு பேர் படிக்கட்டுமே என்பது அன்றைய எண்ணம். ஹரேதி உலகம் காலப்போக்கில் தானாகவே தேய்ந்துவிடும் என்றும் அன்றைய தலைவர்கள் பலர் நம்பினார்கள்.

1952இல் பென் குரியன், ப்னே பிராக்கில் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்த 'ஹசோன் இஷ்' என்ற பெரும் ரப்பியை, அதாவது யூத மதகுருவைத் தேடிப் போனார். மதச்சார்பற்றவர்களும் மதவாதிகளும் ஒரே நாட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று கேட்டார். ரப்பி, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதிலிருந்து ஒரு வழக்கை எடுத்துச் சொன்னாராம். குறுகிய பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ஒட்டகங்களில், சுமையில்லாத ஒட்டகம்தான் சுமையேற்றிய ஒட்டகத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. மக்கள் வாயில் இது பிறகு நிறைந்த வண்டி, வெற்று வண்டி என்ற கதையானது. பாலைவனத்தைத் திருத்தி, போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்து ஒரு நாட்டைக் கட்டியவர்களைப் பார்த்து 'உங்கள் வண்டி காலி' என்று சொன்னதாக மதச்சார்பற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் காயம் ஆறவில்லை.

1977இல் அரசியல் கணக்கு மாறியது. லிகுட் கட்சியின் மெனகெம் பெகின் ஆட்சியைப் பிடிக்க, ஹரேதி கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. விலக்குக்கு இருந்த எண்ணிக்கை வரம்பு போயிற்று. அதன்பின் படிப்போர் தொகை ஆயிரங்களாகவும் பல்லாயிரங்களாகவும் பெருகியது. அரசு உதவித்தொகையும் சேர்ந்துகொள்ள, யூத வரலாற்றில் இதுவரை இல்லாத ஒன்று உருவானது: ஆண்கள் அனைவருமே வாழ்நாள் மாணவர்களாக இருக்க முயலும் ஒரு சமூகம். மெனகெம் ஃப்ரீட்மன் என்ற இஸ்ரேலியச் சமூகவியலாளர் இதற்குக் 'கற்போர் சமூகம்' என்று பெயர் வைத்தார்.

பழைய கிழக்கு ஐரோப்பாவில் நிலைமை இப்படி இல்லை. 1803இல் தொடங்கிய புகழ்பெற்ற வொலோஜின் யெஷிவாவிலேயே மாணவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் தைத்தார்கள், விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள். கூடவே படிக்கத் தெரிந்தவனை மதித்தார்கள். இன்று மரபு என்று காக்கப்படுவது உண்மையில் ஒரு நவீன நலவாழ்வு அரசால் சாத்தியமான புதுமை.

ஒரே வேதம், இரண்டு தீர்ப்பு

இது மதத்துக்கும் மதமின்மைக்கும் நடக்கும் சண்டை என்று நினைத்தால் பாதிதான் புரியும். விலக்கை மிகக் கடுமையாக எதிர்ப்பவர்களில் ஒரு பகுதியினர் ஓய்வுநாளைத் தவறாமல் அனுசரிக்கும் பக்தர்கள். பின்னல் குல்லா அணியும், யூத நாட்டை மதக் கடமையாகக் கருதும் மத சியோனிஸ்டுகள் படிப்பையும் படைச்சேவையையும் இணைக்கும் 'ஹெஸ்தெர்' பள்ளிகளை நடத்துகிறார்கள். 2023இல் தொடங்கிய போரில் அவர்களுடைய வீடுகளில் விழுந்த இழவு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். மாதக்கணக்கில் கணவனைக் களத்துக்கு அனுப்பிவிட்டுக் குழந்தைகளோடு தனியே தவித்த மனைவிமார் ஹரேதிகளைக் கேட்கிறார்கள்: "உங்கள் தோராவும் எங்கள் தோராவும் ஒன்றுதானே?"

மத சியோனிஸ்டுகள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. தோராவில் உள்ள எண்ணாகமத்தில், யோர்தானுக்குக் கிழக்கே நல்ல மேய்ச்சல் நிலத்தைக் கண்டு அங்கேயே தங்க விரும்பிய ரூபன், காத் கோத்திரங்களை மோசே கடிந்துகொள்கிறார். சகோதரர்கள் போருக்குப் போக, அவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதா என்பது அவர் கோபம். மதக் கடமையான போர் என்று வந்துவிட்டால் மணவறையிலிருக்கும் மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா.

ஹரேதி ரப்பிகளிடமும் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. நகரச் சுவர் கட்ட வரி வாங்கும்போது அறிஞர்களுக்கு விலக்கு, ஏனெனில் அவர்களுடைய கல்வியே அவர்களைக் காக்கிறது என்று தல்மூதில் ஒரு விவாதம் வருகிறது. 12ஆம் நூற்றாண்டின் மாமேதை மைமோனிதீஸ், இறைப்பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரம் போருக்குப் போவதில்லை என்கிறார்; தன்னை முழுதாக இறைவனுக்கு ஒப்படைக்கும் எவரும் அந்த நிலையை அடையலாம் என்றும் சேர்க்கிறார். ஆனால் அதே மைமோனிதீஸ், உழைக்காமல் தருமத்தில் வாழ்ந்துகொண்டு தோரா படிக்க முடிவெடுப்பவனை இன்னொரு இடத்தில் வெளுத்து வாங்குகிறார். அந்தப் பக்கத்தை யெஷிவாக்களில் அவ்வளவு உரக்கப் படிப்பதில்லை.

பயம் எங்கிருந்து வருகிறது?

ஏமாற்றிச் சலுகை அனுபவிக்கும் கூட்டம் என்று ஹரேதிகளை ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அவர்களுடைய அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1827இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் யூதர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தார். சேவைக் காலம் 25 ஆண்டுகள். பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் 'கான்டோனிஸ்ட்' பள்ளிகளுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மதம் மாறும்படி வதைக்கப்பட்டார்கள். இத்தனை பேர் என்று ஒதுக்கீட்டை நிரப்பும் பொறுப்பு யூத ஊர்ச்சபைகளின் தலையில் விழுந்தது. வசதியுள்ளவன் பிள்ளை தப்பினான். ஏழையின் பிள்ளையைப் பிடித்துக்கொடுக்கச் சபைகளே ஆள் வைத்தன. ராணுவம் என்றால் பிள்ளையையும் மதத்தையும் ஒருசேர இழப்பது என்ற நினைவு அங்கிருந்து வருகிறது. சுமை சமமாக விழாதபோது ஒரு சமூகம் எப்படி அழுகும் என்பதற்கும் அதே வரலாறுதான் சாட்சி. இன்றைய வாதத்தில் இந்தப் பாதி மறக்கப்படுகிறது.

இன்றைய அச்சம் வேறு வகை. இஸ்ரேலிய ராணுவம் யாரையும் ஞானஸ்நானத்துக்கு இழுப்பதில்லை. ஆனால் 18 வயதுப் பையன் முதல் முறையாகத் தன் தெருவைத் தாண்டி, பெண்களும் பணிபுரியும் முகாமுக்குள் போகிறான். கையில் சம்பளம், பையில் கைப்பேசி. திரும்பி வரும்போது அதே பையனாக வருவானா என்பதே தாய் தந்தையின் கேள்வி. அவன் சேர்ந்தால் தங்கைக்கு நல்ல வரன் அமையாமல் போகலாம். இந்த அச்சத்தைத் தணிக்கத்தான் 1999இல் 'நெட்சா யெஹுதா' பட்டாலியன் உருவானது. பெண்கள் இல்லாத, உணவு விதிகள் கண்டிப்பான படைப்பிரிவு. 2025 ஜனவரியில் ஹஸ்மோனியர் படையணி என்ற புதிய பிரிவும் தன் முதல் வீரர்களைச் சேர்த்தது. வந்தவர்கள் சொற்பம்.

விலக்கு முறை ஹரேதி இளைஞனையும் ஒரு பொறியில் மாட்டியது. படிப்பில் நாட்டமில்லாதவனும் விலக்குக்காக யெஷிவாவில் பெயரை வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சட்டப்படி வேலைக்குப் போக முடியாமலிருந்தது. கணக்கும் ஆங்கிலமும் பெரும்பாலான ஆண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் கிடையாது. ஹரேதி ஆண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே வேலையில் இருக்கிறார்கள். பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளையும் பெற்று வளர்த்து, குடும்பத்துக்குச் சோறும் போட்டு, கணவனின் படிப்பைத் தாங்குவது பெண்களின் தோள். படையைப் பற்றிய விவாதத்தில் இந்தச் சுமையை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நீதிமன்றம் கதவைத் தட்டியபோது

1998இல் உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய விலக்கைப் பாதுகாப்பு அமைச்சர் தன்னிச்சையாக வழங்க முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. விலக்கை முறைப்படுத்த 2002இல் வந்த தால் சட்டத்தை 2012இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. 2014இல் வந்த சட்டம் அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. 2017இல் அதுவும் போயிற்று. சமத்துவத்துக்கு முரண் என்பதே இரண்டு முறையும் காரணம். அதன்பின் அரசு தவணை வாங்கித் தவணை வாங்கி 2023 வரை ஓட்டியது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காசாவில் 70,000 பேருக்கு மேல் உயிரிழந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் 2025 இறுதியில் அறிவித்தது. இஸ்ரேலுக்குள் லட்சக்கணக்கான ரிசர்வ் வீரர்கள் வேலையையும் வீட்டையும் விட்டு மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். தங்களுக்கு ஏறக்குறைய 12,000 வீரர்கள் குறைகிறார்கள் என்று ராணுவமே சொன்னது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்ற நிலையைச் சகிக்கும் பொறுமை பலருக்கு அதோடு தீர்ந்தது.

2024 ஜூன் 25 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை, படைக்கு வர வேண்டிய மாணவர்களுக்காக யெஷிவாக்களுக்கு அரசுப் பணம் கொடுக்கக் கூடாது. அப்போது சேவைக்குத் தகுதியானவர்கள் சுமார் 63,000 பேர். கட்டாயப்படுத்தினால் அனைவரும் வெளிநாடு போய்விடுவோம் என்று அப்போதைய செஃபார்திய (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு மரபு) தலைமை ரப்பி யிட்சாக் யோசெஃப் அந்த ஆண்டு மார்ச்சிலேயே எச்சரித்திருந்தார். மூத்த ரப்பிகள் நிதி திரட்ட அமெரிக்காவுக்குப் பயணமானார்கள். விலக்குச் சட்டத்துக்கு உடன்படாத பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலன்ட் நவம்பரில் பதவியிழந்தார். அவர் நீக்கத்துக்கு இது மட்டுமே காரணமல்ல என்றாலும் இதுவும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். 2025 ஜூலையில், வாக்குக் கொடுத்தபடி சட்டம் வரவில்லை என்று ஹரேதி கட்சிகள் பிரதமர் நெதன்யாகுவின் அமைச்சரவையை விட்டு வெளியேறின.

எண்ணிக்கை மாறினால் அறமும் மாறும்

ஹரேதிகள் சமூகத்துக்கு எதுவும் செய்வதில்லை என்பது பொய். சக்கர நாற்காலி முதல் ஆக்சிஜன் சிலிண்டர் வரை மதம் பாராமல் இரவல் தரும் 'யாத் சாரா' அவர்களிடமிருந்து பிறந்தது. அக்டோபர் 7க்குப் பின் ஹரேதி ஆண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே ராணுவத்தில் பெயர் கொடுத்தார்கள். கருணை அங்கே குறைவில்லை. உடலைக் களத்தில் வைக்கும் கடமையைப் பகிர்வதில்தான் சிக்கல்.

நானூறு பேர் படித்தபோது சலுகை என்பது ஒரு நாடு தன் நினைவைக் காக்கத் தந்த காணிக்கை. அறுபதாயிரம் பேர் படிக்கும்போது அது மற்றவர்களின் பிள்ளைகள் கட்டும் வரி. கொள்கை அதேதான்; எண்ணிக்கை மாறியதால் அதன் அறம் மாறிவிட்டது. போருக்கு அனுப்பும் அரசில் வாக்குரிமையும் அமைச்சும் வேண்டும், போருக்குப் போக மட்டும் முடியாது என்பதற்கு எந்த வேதத்திலும் ஆதாரம் தேட முடியாது.

அதற்காகக் காவலர்களை யெஷிவா வாசலுக்கு அனுப்பினால் தீருமா? தீராது. கைதுகள் தியாகிகளை உருவாக்கும். இரண்டு லட்சம் பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் கைதுகள்தான். முன்பு ரப்பி ஆரோன் லெய்ப் ஷ்டெய்ன்மன் போன்ற பெரியவர்கள், உண்மையில் படிக்காத இளைஞர்கள் ஹரேதி படைப்பிரிவுகளுக்குப் போவதை அமைதியாக அனுமதித்தார்கள். இன்றைய தலைமையில் பலர் அதற்கும் இடம்கொடுப்பதில்லை. பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். யார் மெய்யாகவே படிக்கிறான், யார் பெயருக்கு உட்கார்ந்திருக்கிறான் என்பது ஒவ்வொரு யெஷிவாவின் தலைவருக்கும் நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியலை அரசு போடுவதற்குள் ரப்பிகளே போட்டுக்கொடுத்தால், கல்விக்கும் மரியாதை மிஞ்சும், களத்தில் நிற்பவனுக்கும் ஆறுதல் கிடைக்கும். போட மறுத்தால், இன்றைய நாடாளுமன்றம் எந்தச் சட்டம் இயற்றினாலும் அது அடுத்த நீதிமன்ற வழக்குவரைதான் தாங்கும்.