பழைய அகலக் கோண ஜூம் லென்சும் புதிய காமிராவும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கரைக்கோடு ஒரே நாளில் மாறிவிட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. இதற்கு மாறாக, வட அந்தமானின் சில பகுதிகளில் பவளப் பாறைகள் நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்து வெயிலில் காய்ந்து மடிந்தன. இத்தகைய மாறுதல்களை அளந்தறிவதற்கு, முன்னர் ஒருவர் நின்று படமெடுத்த அதே இடத்தில் பின்னர் மற்றொருவர் நின்று எடுக்கும் படம் பெருந்துணையாகும். கடந்துபோன ஆண்டின் கரையை மறுபடியும் படமெடுக்க இயலாதாகையால், அப்படம் மூலைக்கு மூலை தெளிவாக இருத்தல் வேண்டும்.

கண்டல் காட்டு ஓடையில் படகிலிருந்து படமெடுப்பவர் பின்னே நகர்வதற்கு இடமில்லை. பள்ளிக் கட்டடத்தின் குறுகிய தாழ்வாரத்திலும் நிலைமை இதுவே. நான்கு மீட்டர் தொலைவிலுள்ள காட்சியை 35 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்சினால் நோக்கினால், முழுச் சட்டகக் காமிராவில் சுமார் 4 மீட்டர் அகலமே அடங்கும். 17 மில்லிமீட்டர் லென்சினால் எட்டரை மீட்டர் அகலம் அடங்கும். புதிய அகலக் கோண ஜூம் லென்சின் விலை பலருக்கு எட்டாததாகையால், கைமாறி வரும் பழைய லென்சை நாடுவது இயல்பே. ஆயினும் வாங்குபவர் தம் காமிராவின் உணர்பலகை எவ்வளவு பெரிது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கானன் நிறுவனத்தின் சிறு உணர்பலகைக் காமிராவில் 17 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச் சட்டகத்தின் 27 மில்லிமீட்டர் லென்சைப் போன்றே காட்டும். அகலக் கோணத்தின் பயனில் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

பழைய லென்ஸ் புதிய காமிராவில் பொருந்துவது எவ்வாறு? ஆடி பொருத்திய காமிராக்களில், ஆடி எழுந்து தாழ்வதற்காக லென்சுக்கும் படலத்திற்கும் இடையே 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி விடப்பட்டது. நிக்கான் இணைப்பில் அது 46.5 மில்லிமீட்டர், கானனின் ஈ.எஃப். இணைப்பில் 44 மில்லிமீட்டர். இன்றைய ஆடியில்லாக் காமிராக்களில் இவ்விடைவெளி குறுகிவிட்டது: நிக்கான் இசட் இணைப்பில் 16, சோனி ஈ இணைப்பில் 18, கானன் ஆர்.எஃப். இணைப்பில் 20 மில்லிமீட்டர். எஞ்சிய தூரத்தை நிரப்புவதே அடாப்டர் எனப்படும் இணைப்பு வளையத்தின் வேலை. பழைய நிக்கான் லென்சை இசட் காமிராவில் பொருத்த 30.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம் தேவை.

இத்தடிப்பில் சிறு பிழை நேரினும் அகலக் கோணத்தில் அது பெரிதாகத் தோன்றும். வளையம் 0.05 மில்லிமீட்டர் மிகையாக இருப்பதாகக் கொள்வோம். முடிவிலிக் குறியில் வைத்த லென்ஸ் 40 மில்லிமீட்டர் நிலையில் சுமார் 32 மீட்டர் தொலைவிலும், 17 மில்லிமீட்டர் நிலையில் ஆறு மீட்டருக்கும் குறைவான தொலைவிலும் குவியும். ஆகவே, நீண்ட நிலையில் குவித்துவிட்டு அகல நிலைக்குத் திருப்புபவரின் தொலைக்காட்சி மங்கிப்போகும். ஒளித்துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் இம்மங்கல் பெரிதும் மறையுமெனினும், வளையம் ஒருபுறம் சாய்ந்திருப்பின் அந்தப் பக்கத்து மூலை அடிக்கடி தொல்லை தரும்.

மின் தொடர்பும் கவனிக்கத்தக்கது. 1987இல் வெளிவந்த கானன் ஈ.எஃப். வகை லென்சுகளின் ஒளித்துளை மின்விசையால் இயங்குவது. மின் தொடுமுனையற்ற மலிவான வளையத்தில் பொருத்தினால் அது முழுதும் திறந்தே நிற்கும். தொடுமுனையுள்ள வளையமாயின், 2003இல் வெளிவந்த 17–40 மில்லிமீட்டர் லென்ஸ் போன்றவை ஆர்.எஃப். காமிராவில் தாமே குவியும். நிக்கானின் பழைய ‘டி’ வகை லென்சுகளைக் குவிக்கும் மோட்டார் லென்சில் இல்லை, காமிராவின் உடலில் இருந்தது. நிக்கானின் சொந்த எஃப்.டி.இசட். வளையத்தில் அவற்றைக் கையாலேயே குவிக்க வேண்டும். அகலக் கோணத்தில் இஃது அவ்வளவு பெரிய குறையன்று. கரையோரப் பதிவு வேலையில் குவியத்தை ஒருமுறை அமைத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

இனித் தீவுகளுக்கே உரிய இடர். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் இரு பருவக்காற்றுகளும் வீசுகின்றன. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் மிகையாகவே உள்ளது. பூஞ்சணத்தின் நுண்வித்துகள் எங்கும் மிதப்பவை. நீடித்த ஈரம் கிடைத்தவுடன் லென்சின் உள்ளே படிந்த தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு அவை நூல்நூலாகப் பரவுகின்றன. அவை வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையும், நாட்பட்டால் கண்ணாடியையும் அரிக்கிறது. வெயிலில் வைத்தால் பூஞ்சணம் மடியலாம். அரித்த தழும்போ மாறாது. ஜூம் லென்சைத் திருப்பும்போதெல்லாம் உட்பகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்து துருத்திபோல் ஈரக்காற்றை இழுத்துக்கொள்வதால், அதற்கு இவ்விடர் சற்று அதிகம். மேற்கூறிய 17–40 லென்சில் மட்டும் 12 கண்ணாடிகள் உள்ளன. பிரித்துத் துடைத்தபின் அவற்றை ஒரே அச்சில் மீண்டும் நிறுத்துவது தேர்ந்த தொழிலாளிக்கும் எளிதன்று.

ஆதலின் வாங்குமுன் லென்சை இருண்ட அறைக்கு எடுத்துச் சென்று, பின்புறத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்தி முன்புறம் வழியே நோக்க வேண்டும். சிலந்தி வலை போன்ற கிளைகள் தென்படின் அது பூஞ்சணம். பனிமூட்டம் போன்ற சீரான மங்கல், உள்ளிருக்கும் மசகெண்ணெய் ஆவியாகிப் படிந்ததாக இருக்கலாம். விளிம்பில் வானவில் நிற வளையம் தோன்றின், ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். இரண்டொரு தூசித்துகளால் படத்திற்குக் கேடில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்க முயல்வது வாங்குவோர் விருப்பம்! திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் லென்ஸ் முன்பே பிரிக்கப்பட்டது என்பதும், இணைப்புப் பகுதியில் துரு இருந்தால் கடற்காற்றில் பேணாது கிடந்தது என்பதும் வெளிப்படும்.

பிறகு காமிராவில் பொருத்தி, மிக அகல நிலையிலும் மிக நீண்ட நிலையிலும் எஃப் 8 அளவில் சில படங்கள் எடுக்க வேண்டும். ஜூம் லென்சினுள் வளைந்து வளைந்து தேயும் நாடா போன்ற மின்கம்பி அறுந்திருந்தால், முழுதும் திறந்த நிலையில் நன்கு இயங்கும் லென்ஸ், துளையைச் சுருக்கியதும் பிழை காட்டி நின்றுவிடும். தீவுகளில் மற்றொரு சோதனைக்குக் கடலே உதவுகிறது. தொடுவானக் கோட்டைப் படத்தின் மேல்விளிம்பருகே அமைத்து எடுத்து, இடக்கோடியையும் வலக்கோடியையும் பெரிதாக்கி ஒப்பிடலாம். ஒருபுறம் மட்டும் மங்கினால், காமிராவைத் தலைகீழாகப் பிடித்து மறுமுறை எடுக்க வேண்டும். மங்கல் லென்சோடு பக்கம் மாறினால் கண்ணாடி அச்சு விலகியுள்ளது. அதே கோடு வில்போல் வளைந்திருப்பது அகலக் கோண ஜூம் லென்சுகளின் பொதுவான இயல்பு. கணினியில் அதைத் திருத்திவிடலாம்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட நகருக்கு, கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் செல்லும். பழுதான லென்சைத் தலைநிலத்திற்கு அனுப்பித் திரும்பப் பெறுவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடக்கூடும். விடுமுறையில் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்லும் உறவினர் அல்லது உடன் பணியாற்றுபவர் மூலம் நேரில் சோதித்து வாங்குவதே உத்தமம். படத்தை மட்டும் பார்த்து வாங்க நேர்ந்தால், திருப்பி அனுப்பும் உரிமையையும் அதற்குரிய காலக்கெடுவையும் எழுத்தில் பெறுதல் நலம்.

வாங்கிய லென்சைத் தோலுறையில் வைக்கலாகாது. தோல் ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல்லும் சிறிய ஈரமானியும் இட்டு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜெல்லின் நிறம் மாறியதும் அதைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே செல்லும்போது லென்சை அரைமணி நேரமாவது மூடிய பைக்குள் வைத்திருந்து பின்னர் எடுத்தால் அதன்மீது நீர் படியாது.

கரையோரப் படங்களுக்கு ஜூம் வளையத்தின் மிக அகலமான கோடியையே பயன்படுத்துவது வழக்கமாதல் வேண்டும். இடைநிலையில் வைத்த வளையத்தை அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிறுத்துவது அரிது. கோடியிலோ வளையம் தானே முட்டி நிற்கும். தொடுமுனையற்ற வளையத்தில் குவியத் தூரம் கோப்பில் பதிவாகாது என்பதால் அதையும், நின்ற இடம், தேதி, கடலின் ஏற்றவற்ற நிலை ஆகியவற்றையும் குறிப்பேட்டில் அன்றே எழுதிவிட வேண்டும்.