கரைந்த மருந்து எங்கே போயிற்று?

முக்கூடல் பக்கத்து வயல்களில் நடந்து பழகியவர்களிடம் ஒரு கேள்வி. தாமிரபரணியிலிருந்து கால்வாய் வழியே குளத்துக்கு நீர் வருகிறது. குளக்கரையிலோ ஓர் ஓட்டை. குளத்தில் நிற்கும் நீரை மட்டும் அளந்து, கால்வாய் கொண்டுவந்தது இவ்வளவு என்று சொல்ல முடியுமா? மருந்து பூசிய ஸ்டெண்டைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல்தான்.

அடைபட்ட இருதயத் தமனியை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழாயே ஸ்டெண்ட். சிலருக்கு அதன்மேல் திசு வளர்ந்து மீண்டும் அடைத்துவிடும். அதைத் தடுக்கவே மருந்துப் பூச்சு. முதலில் புகழ்பெற்ற மருந்து சிரோலிமஸ். 1964-இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா நாட்டுக் குழு கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து, இந்தியரான சுரேந்திர நாத் சேகலும் உடனுழைத்தோரும் பிரித்தெடுத்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தாக அறியப்பட்டது இருதயத்துக்கு வந்து சேர்ந்தது வேடிக்கைதான்!

பூச்சு, மருந்தை வாரக்கணக்கில் சிறுகச் சிறுக விடவேண்டும். இதை அறிய, ஸ்டெண்டை 37 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள திரவத்தில் இட்டு, குறித்த நேரங்களில் திரவத்தை எடுத்து, அதிலுள்ள மருந்தை அளக்கிறார்கள்.

ஆனால் சிரோலிமஸ் நீரில் நிலைப்பதில்லை. அதன் மூலக்கூறு ஒரு பெரிய வளையம். நீரில் அதிலுள்ள எஸ்டர் பிணைப்பு அறுந்து, வளையம் திறந்துகொள்கிறது. ஆக்சிஜனும் தன் பங்குக்குச் சிதைக்கிறது. இரத்தத்தை ஒத்த பி.எச். 7.4 திரவத்தில், உடல் வெப்பநிலையில், பாதி மருந்து சிதைய ஏறத்தாழ 10 மணி நேரமே ஆகும்.

கதிரியக்கத்தின் அரை ஆயுள் கணக்கைப் படித்தவர்கள் இதையும் போட்டுப் பார்க்கலாம். ஸ்டெண்ட் மணிக்கு 2 மைக்ரோகிராம் விடுவதாகக் கொள்வோம். 24 மணியில் வெளிவந்தது 48. குவளையில் இருப்பதோ சுமார் 23! எத்தனை நாள் காத்திருந்தாலும் 29-ஐத் தாண்டாது; வரவும் சிதைவும் அங்கே சமமாகிவிடுகின்றன.

இதைக் கவனியாவிட்டால், மருந்தை அவசரமாகக் கொட்டிவிடும் பூச்சும் நிதானமாக விடுவதுபோலத் தோன்றித் தேறிவிடும். அந்த ஸ்டெண்ட் யாரோ ஒருவருடைய தமனிக்குப் போகும். சில நாளில் மருந்து தீர்ந்த வெறும் உலோகமாக நிற்கும்.

என்ன செய்வது? சற்றே அமிலத்தன்மையுள்ள திரவத்தில் சிதைவு குறைகிறது. ஆனால் திரவத்தை மாற்றினால் பூச்சின் போக்கும் மாறலாம். எனவே இதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு முறையும் திரவம் முழுவதையும் மாற்றி, உடனுக்குடன் அளப்பது நல்லது. சிதைந்த பொருளையும் தனியே அளந்து கூட்ட வேண்டும். இறுதியில் ஸ்டெண்டில் மிஞ்சியதையும் கரைப்பானால் கழுவி எடுக்கிறார்கள். வெளிவந்தது, சிதைந்தது, மிஞ்சியது மூன்றும் சேர்ந்து, பூசிய அளவுக்குக் கிட்டத்தட்ட வராவிட்டால், சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.