தேநீரில் ஒளிந்திருக்கும் தியானின்!

'தியானின்' என்று ஒரு பொருள் இருக்கிறது. மனத்தை அமைதியாக்கும் என்று அதைச் சொல்கிறார்கள். உடனே தியானம் நினைவுக்கு வருகிறதா? அதற்கும் இந்தப் பெயருக்கும் உறவே இல்லை. தேயிலைச் செடிக்குத் தாவரவியலில் முன்பு 'தியா' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் தியானின்.

இது ஓர் அமினோ அமிலம். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை அல்லவா? (சின்ன வகுப்பில் இருப்பவர்கள் அக்கா, அண்ணனிடம் கேளுங்கள்.) தியானினோ புரதத்தில் சேராமல் இலையில் தனியாகவே இருக்கும். ஜப்பானின் கியோட்டோவில் 1949 வாக்கில், 'கியோகுரோ' என்ற உயர்ரகப் பச்சைத் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். தியானின் உருவாவது பெரும்பாலும் இலையில் அல்ல, வேரில்! அங்கிருந்து மேலே ஏறித் தளிருக்கு வருகிறது. தளிரில் வெயில் பட்டால் அது சிதைந்து, துவர்ப்புப் பொருள்கள் உருவாக உதவுகிறது. கியோட்டோவை அடுத்த உஜி ஊர் விவசாயிகள் அமினோ அமிலம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். கொழுந்து பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பு, தோட்டத்தின் மேல் நாணல் தட்டி கட்டி, வைக்கோல் பரப்பி வெயிலை மறைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைத்துணி. நிழலில் இலை கரும்பச்சையாகிறது; தியானின் தங்குகிறது; துவர்ப்பு குறைந்து, காளான் சூப் போன்ற ஒரு ருசி வருகிறது.

நாம் குடித்ததும் தியானின் ரத்தத்தோடு மூளைக்கும் போகிறது. விழித்தபடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் தோன்றும் 'ஆல்ஃபா' அலைகள் கூடியதைச் சில ஆய்வுகள் கண்டன. ஆனால், மன அழுத்தம் குறையும் என்று சொல்லச் சான்று போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் கூறிவிட்டது. கடைகளில் மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்!

"அப்படியானால் பரீட்சைக்கு முன் நாலு டம்ளர் டீ குடிக்கலாமா?" வேண்டவே வேண்டாம். அதே டீயில் காஃபீனும் இருக்கிறது, தூக்கம் கெடும். மேலும், ஆய்வுகளில் கொடுத்த தியானின் ஒரு டம்ளர் டீயில் இருப்பதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம்.

அவ்வளவையும் இலையிலிருந்து எடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஆலைகளில் குளூட்டமின், எத்தில்அமின் என்ற இரு பொருள்களை எடுத்து, பாக்டீரியா தரும் ஒரு நொதியைக் கொண்டு இணைக்கிறார்கள். தேயிலை வேரில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அங்கே குளூட்டமினுக்குப் பதில் அதன் அண்ணன் குளூட்டாமிக் அமிலம்!