எல்லைப்புறத் தமிழரும் வைத்திய வசதியும்

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு ஜில்லாக்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தேயிலைத் தோட்டங்களிலும், ஏலக்காய்த் தோட்டங்களிலும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் நமக்கு, வீட்டில் ஒருவர் நோயுற்றால் எழும் முதல் வினா, எந்தப் பக்கம் செல்வது என்பதே. அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் மலையாளம் பேசுவர். மலையிறங்கிச் சென்றால் நம் பாஷை பேசும் டாக்டர் கிடைப்பார். பாஷைப் பற்றின் காரணமாக நாம் பெரும்பாலும் இறங்கவே விரும்புகிறோம். இருமலுக்கும் தோல் அரிப்புக்கும் இதனால் நேரும் நஷ்டம் பஸ் கட்டணம் ஒன்றுதான். மாரடைப்புக்கும், பாம்புக் கடிக்கும், சிக்கலான பிரசவத்துக்கும் நஷ்டமாவதோ நேரம். ஆகையால், எந்த நோய்க்கு எங்கே செல்வது என்பதை வீட்டில் எல்லோரும் நலமாயிருக்கும் நாளிலேயே நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் மாநில எல்லையைவிடச் சாலையே முக்கியம். குமுளியினின்று கம்பம் சுமார் 25 கிலோமீட்டர். கோட்டயமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல். மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியே போடிநாயக்கனூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கோட்டயம் மருத்துவக் கல்லூரி அதைப்போல இரு மடங்கு தொலைவு. மறையூரில் வசிப்போருக்கு மூணாறும் உடுமலைப்பேட்டையும் தூரத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் உடுமலைச் சாலை யானைகள் உலவும் சின்னார்க் காட்டின் ஊடே செல்வது. வாளையாற்றிலுள்ளோர் கோயம்புத்தூருக்கும் போகலாம், பாலக்காட்டுக்கும் போகலாம். பறம்பிக்குளத்தின் நிலைமை விசித்திரமானது. அவ்வூர் பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. எனினும் அதற்குரிய வண்டிச்சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்தே செல்கிறது. மழைக்காலத்தில் இக்கணக்குகள் யாவும் மாறிவிடும். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து, தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் மறுநாட் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. ஆனி, ஆடி மாதங்களுக்கென ஒரு மாற்று வழியையும் மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

அன்றாட வைத்தியத்திற்கு நாம் முதலில் நாட வேண்டியது வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க நிலையத்தையே. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்படி கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 'குடும்பாரோக்ய கேந்திரம்' என்ற பெயரில் விரிவாக்கப்பட்டு வருகின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கர்ப்பிணிப் பதிவு, குழந்தைகளின் தடுப்பூசி ஆகியவற்றுக்கு இதற்குமேல் தேட வேண்டுவதில்லை. நம் வார்டுக்குரிய ஆஷா பணியாளர் யாரென்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு அடுத்த படி, அடிமாலி, நெடுங்கண்டம், பீர்மேடு, சித்தூர் முதலிய இடங்களிலுள்ள தாலூகா ஆஸ்பத்திரிகள். அட்டப்பாடியில் கோட்டத்தறையில் பழங்குடியினர் சிறப்பு ஆஸ்பத்திரி இருக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அரசாங்க மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. ஆனால் பெயர்ப்பலகை பெரிதாயிருப்பதால் மட்டும் எல்லா நேரமும் எல்லா நிபுணர்களும் இருப்பர் என்று கொள்ளலாகாது. பிரசவ டாக்டரும் மயக்க மருந்து கொடுப்பவரும் இரவில் இருப்பார்களா, ரத்தம் கிடைக்குமா என்று கர்ப்பிணி ஏழாம் மாதத்தில் இருக்கும்போதே கேட்டறிய வேண்டும்.

தோட்டங்களில் இருப்போருக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி என்ற வசதி நெடுங்காலமாக உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதி அளிப்பதை முதலாளியின் கடமையாக்கிற்று. மூணாற்றில் டாட்டா பெயரில் விளங்கும் ஆஸ்பத்திரி இந்த மரபில் வந்ததே. ஆயினும் தோட்டம் மூடப்பட்டால் அதன் மருந்தகமும் நின்றுபோகும். ஓய்வு பெற்று லயத்தை விட்டு வெளியேறினாலும் தொடர்பு அறுந்துபோகும். ஐம்பத்தைந்து வயதை எட்டியவர்கள் வெளியே ஒரு டாக்டரை இப்போதே பழக்கப்படுத்திக்கொள்வது நலம்.

பாஷை விஷயத்தில் நாம் அஞ்சுமளவு கஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரி, மருந்து, வேதனை என்பன இரு மொழிக்கும் பொது. ஆனால் ஒரே ஒலியுள்ள சொற்களே ஏமாற்றும். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். டாக்டர் 'பனியுண்டோ?' என்று வினவும்போது, மார்கழிக் குளிரை நினைத்து 'நிறைய உண்டு' என்று விடை பகர்ந்தால் நோயின் நிதானமே மாறிவிடும். 'எலிப்பனி' என்பது எலிக்காய்ச்சல், 'மஞ்ஞப்பித்தம்' மஞ்சள் காமாலை, 'ஸ்வாசம் முட்டல்' மூச்சுத் திணறல், 'சர்த்தி' வாந்தி, 'வயறிளக்கம்' வயிற்றுப்போக்கு. இச்சில சொற்களை அறிந்து வைத்தால் போதும். எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன வேலை செய்கிறோம் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். சேற்றிலும் ஓடையிலும் இறங்கி வேலை செய்பவருக்கு வரும் காய்ச்சலில் எலிக்காய்ச்சலை டாக்டர் முதலிலேயே சந்தேகிக்க இச்செய்தி உதவும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், கேரளத்தின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததியும் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிப்பவை. இரண்டும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டவை. மத்திய பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியிலும் சேரலாம்; மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பத்துக்கு அவ்வுரிமையை எதிர்பார்க்க இயலாது. நம் பெயர் எந்தப் பட்டியலில் உள்ளதென்று 14555 என்ற எண்ணில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் இங்குமாக ரேஷன் கார்டு பிரிந்திருக்கும் வீடுகளில் இச்சோதனை மிகவும் தேவை. தொழிற்சாலையில் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுவோர், குடும்பம் சொந்த ஊரில் வசித்தாலும் அங்குள்ள ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சை பெற வழியுண்டு.

தனியார் டாக்டரிடம் செல்வோர், மருத்துவக் கவுன்சில் பதிவெண் சீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரளத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்பத்திரிகள் தங்கள் கட்டண விகிதத்தை யாவரும் காண வைக்க வேண்டுமென விதிக்கிறது; கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய சீட்டு, பரிசோதனைத் தாள், உட்கொள்ளும் மாத்திரையின் உறை ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருந்தால், எந்தப் பக்கத்து டாக்டரும் விட்ட இடத்திலிருந்து தொடர இயலும்.

அவசரத்துக்கு 108, சந்தேகம் தீரக் கேரளத்தில் 1056. எல்லைப்புறத்தில் 108ஐ அழைக்கும்போது மாநிலம், ஜில்லா, பஞ்சாயத்து, அதன் பின்னரே நோயாளியின் நிலை என்ற வரிசையில் சொல்ல வேண்டும். நம் குரல் மலைக்கு அப்பாலுள்ள மாநிலத்தின் நிலையத்தில் ஒலிக்கவும் கூடும்.