வரப்போகும் நோயாளிகளை எண்ணுவது எப்படி?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் காலை வேளையில் சென்றால், உள்ளூர்க்காரர்களோடு விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பல ஊர் மக்களும் வரிசையில் நிற்பதைக் காணலாம். அங்கே புற்றுநோய்க்காக ஓராண்டில் பதிவு செய்துகொண்டவர்களை எண்ணி, "புதுச்சேரியில் இத்தனை பேருக்குப் புற்றுநோய்" என்று ஒருவர் சொன்னால் அது சரியா?

சரியல்ல. அந்த எண் மருத்துவமனையின் வேலைப் பளுவைத்தான் காட்டும். நோய் வீதம் என்பது ஒரு பின்னம். மேலே நோயாளிகள்; கீழே, அவர்கள் எந்த மக்களிடையே இருந்து வந்தார்களோ அந்த மக்களின் தொகை. மேலே பல மாவட்டத்தாரையும் கீழே புதுச்சேரி மக்களை மட்டும் வைத்தால் விடை பொய்யாகிவிடும். புதுச்சேரியின் எல்லையோ கணக்குப் போடுபவரைச் சோதிக்கவே வரைந்தது போல் இருக்கிறது! பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த துண்டு துண்டான நிலப்பகுதிகளுக்கு நடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் புகுந்து நிற்கின்றன.

ஆகவேதான் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகள் தேவைப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட பகுதியில் குறைந்தது ஓராண்டாவது வசித்தவர்களை மட்டுமே இவை கணக்கில் சேர்க்கும். பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை, ஆய்வுக்கூடம், பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகம் என்று அலைந்து விவரம் திரட்டுகிறார்கள். ஒரே நோயாளி மூன்று இடங்களில் பதிவாகியிருந்தால் அவரை ஒருவராகவே எண்ண வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டப்படி சென்னை, பெங்களூர், பம்பாய் நகரங்களில் 1982 முதல் இப்பணி நடந்து வருகிறது. சென்னையில் இதை நடத்துவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

இனி, வருங்காலத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு இலட்சம் பேர் வாழும் நகரை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்டோர் 90,000, மேற்பட்டோர் 10,000. ஆண்டுக்கு இலட்சத்துக்கு முன்னவரில் 50 பேருக்கும் பின்னவரில் 400 பேருக்கும் நோய் வருகிறது என்போம். அப்படியானால் 45-ம் 40-ம் சேர்ந்து 85 நோயாளிகள். பதினைந்து ஆண்டு கழித்து முதியோர் 15,000 ஆகிறார்கள். மொத்தத் தொகை மாறவில்லை. இப்போது கணக்கிட்டால் சுமார் 102 பேர்! எந்த வயதினருக்கும் ஆபத்து கூடவில்லை. ஊருக்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவே. "புற்றுநோய் பெருகுகிறது" என்ற செய்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நாட்டுக்கான கணிப்பும் ஏறக்குறைய இவ்வழியே செல்கிறது. 28 பதிவேடுகளின் 2012-16 விவரங்களைக் கொண்டு, 2020-இல் 13.9 இலட்சம், 2025-இல் 15.7 இலட்சம் புதிய நோயாளிகள் என்று 2020-இல் வெளியான தேசிய அறிக்கை மதிப்பிட்டது. இப்பதிவேடுகள் தழுவியது நாட்டு மக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினரைத்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவர்களே பிரதிநிதிகள்.

இறப்புக் கணக்கு இன்னும் கடினம். 2020-இல் நம் நாட்டில் பதிவான இறப்புகளில் ஏறத்தாழ 22.5 சதவிகிதத்துக்கே மருத்துவர் காரணச் சான்று இருந்தது. பலர் வீட்டிலேயே இறக்கிறார்கள். "முதுமை", "மாரடைப்பு" என்று எழுதி முடித்துவிடுகிறோம். எனவே நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து இறப்பை மறைமுகமாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-இல் இந்தியாவில் சுமார் 9.16 இலட்சம் பேர் புற்றுநோயால் இறந்ததாக மதிப்பிட்டது இப்படித்தான். நோயை முன்னதாகவே கண்டறிந்தால், நோயாளிகள் கூடியும் இறப்பு குறையலாம்.

கணிப்பு சோதிடம் அன்று. இப்போதைய போக்கு நீடித்தால் என்ன ஆகும் என்பதுதான் அது. போக்கு மாறவும் செய்கிறது. சென்னைப் பெண்களிடையே 1980-களில் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அதன் வீதம் ஆண்டுக்காண்டு குறைந்து வர, இன்று மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 1982-இன் கோட்டை அப்படியே நீட்டியிருந்தால் இரண்டிலும் தவறியிருப்போம்.

பின்னத்தின் கீழ்ப்பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. அதனால் 2025-க்கான கணிப்பில் மேலே உள்ள எண் மட்டுமல்ல, கீழே உள்ள மக்கள்தொகையும் 2011-ஐ வைத்துக் கணித்ததே.